மெல்ல நடப்போம், ஒன்றாய் நடப்போம்

கால்நடைப் பயணம் நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் புதியதன்று. ஆகஸ்டு மாத இறுதியில், ஆரோக்கிய அன்னையின் திருவிழாக் கொடியேற்றத்தை முன்னிட்டுக் காவியுடை அணிந்து வேளாங்கண்ணியை நோக்கி நடக்கும் அன்பர்களை ஆண்டுதோறும் காண்கிறோம். நம்முள் பலர் அவ்வாறு நடந்தும் இருக்கிறோம். ஆயினும் விடுமுறையைக் கழிப்பதற்கென்றே பல குடும்பங்கள் ஒன்றுகூடி நடப்பது நம்மிடையே இன்னும் வேரூன்றாத பழக்கமாகும். விடுமுறை என்றால் வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு, ஒரே நாளில் ஏழு இடங்களைப் பார்த்துவிட்டுக் களைத்து வீடு திரும்புவது என்றே பழகிவிட்டோம். பார்த்த இடங்கள் விரைவில் மறந்துபோகின்றன. பக்கத்தில் அமர்ந்து வந்தவரோடு மனம்விட்டுப் பேசினோமா என்பதும் ஐயமே.

எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த குடும்பங்கள் இரண்டு முறை நீலகிரி மலை இரயிலை ஒட்டி நடைப்பயணம் மேற்கொண்டோம். முதல் முறை தவறு செய்தோம். இரண்டாம் முறை அத்தவற்றைத் திருத்திக்கொண்டோம். இத்தகைய பயணத்தைத் திட்டமிட விரும்பும் பங்குகளுக்கு எங்கள் அனுபவம் பயன்படக்கூடும் என்பதால் இதை எழுதுகிறோம்.

நூற்றாண்டு கண்ட மலை இரயில்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை செல்லும் இவ்விருப்புப் பாதையின் நீளம் ஏறத்தாழ 46 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 2,203 மீட்டர் உயரத்தில் அது முடிகிறது. வழியில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். மலைக்கு இரயில் விடும் எண்ணம் 1854-ஆம் ஆண்டிலேயே எழுந்தது. எனினும் 1899-இல்தான் குன்னூர் வரையிலும், 1908-இல்தான் உதகை வரையிலும் வண்டி ஓடியது. 2005-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

கல்லாற்றைக் கடந்தவுடன் ஏற்றம் கடுமையாகிறது. சில இடங்களில் பன்னிரண்டடி முன்னேறினால் ஓரடி உயர வேண்டும். வெறும் தண்டவாளத்தில் சக்கரங்கள் வழுக்கிவிடுமாதலால், இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரும்புச் சட்டங்கள் குன்னூர் வரை பதிக்கப்பட்டுள்ளன. எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அவற்றைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. ரோமன் ஆப்ட் என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் வகுத்த முறை இது. எஞ்சின்கள் பலவும் அந்நாட்டிலிருந்தே வந்தன. பின்னாளில் நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிய நீராவி எஞ்சின்கள் கட்டப்பட்டன.

முதன்முறை பார்ப்பவர்களை வியப்பிலாழ்த்தும் செய்தி ஒன்று உண்டு. மலையேறும்போது இந்த எஞ்சின் முன்னே நின்று இழுப்பதில்லை. பின்னே நின்று தள்ளுகிறது. ஏதேனும் ஒரு பெட்டி பிடிப்பு விட்டால், பின்னால் நிற்கும் எஞ்சின் அதனைத் தாங்கிக்கொள்ளும். ஓட்டுநருக்கு முன்னேயுள்ள பாதை தெரியாது. ஆகவே முதற்பெட்டியின் முகப்பில் நிற்கும் ஊழியர் கொடி காட்டுகிறார். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஓர் ஊழியர் இருக்கிறார். ஊதல் ஒலியின் குறிப்பறிந்து அவர்கள் அனைவரும் ஒத்து இயங்குகின்றனர். மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவே வேகம். ஆனால் ஒரு பெட்டியும் பின்தங்குவதில்லை.

இந்தச் செய்தியை முதற்பயணத்தின்போதே அறிந்திருந்தோம். அதன் பொருளை மட்டும் அறியாதிருந்தோம்.

நாங்கள் செய்த தவறு

முதல் ஆண்டு இருபத்து நான்கு பேர் சென்றோம். குன்னூரிலிருந்து உதகை வரை முழுத் தொலைவையும் ஒரே நாளில் நடந்துவிட வேண்டும் என்று இளைஞர்கள் தீர்மானித்தனர். பெரியவர்களாகிய நாங்களும் தலையசைத்தோம். வலுவுள்ளவர்கள் முன்னே விரைந்தனர். நடுவிலிருந்தவர்கள் அவர்களை எட்டிப்பிடிக்க முயன்றனர். கேத்தியைத் தாண்டியபின் மூடுபனி இறங்கியது. லவ்டேல் நிலையத்தருகே சென்று அமர்ந்து உணவுப் பொட்டலங்களைப் பங்கிடும்போதுதான் ஒரு பொட்டலம் மிஞ்சியதைக் கண்டோம். எங்கள் ஆலயத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற கோயில்பிள்ளையைக் காணவில்லை. முன்னே சென்றவர்கள் அவர் பின்னே வருகிறார் என்று எண்ணினர். பின்னே வந்தவர்களோ அவர் முன்னே போய்விட்டார் என்று எண்ணினர். அவரைக் கடைசியாகப் பார்த்து ஒரு மணி நேரத்திற்கு மேலாகியிருந்தது.

திருக்குடும்பத்திற்கே நேர்ந்த நிகழ்ச்சி அப்போது எங்கள் நினைவுக்கு வந்தது. எருசலேமில் பாஸ்கா விழா முடிந்து திரும்புகையில், சிறுவன் இயேசு பயணக் கூட்டத்தில் எங்கேனும் இருப்பார் என்றெண்ணி மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் வழி நடந்துவிட்டதாக லூக்கா நற்செய்தி கூறுகிறது. 'எங்கேனும் இருப்பார்' என்ற எண்ணமே கூட்டுப் பயணத்தின் பேராபத்து.

நால்வர் வந்த வழியே திரும்பி ஓடினோம். கேத்திப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் அவர் அமர்ந்திருந்தார். புதுச் செருப்பு கடித்துக் குதிகாலில் தோல் உரிந்திருந்தது. அவ்வீட்டுப் படுகர் குலத் தாய் ஒருவர் அவருக்குத் தேநீர் கொடுத்து, காலைக் கழுவித் துணியும் கட்டிவிட்டிருந்தார். எங்களைக் கண்டதும் அந்த அம்மா, "பெரியவரைத் தனியே விட்டுவிட்டு நீங்களெல்லாம் எங்கே அப்படி ஓடுகிறீர்கள்?" என்று கேட்டார். எங்களிடம் மறுமொழி இல்லை. கோயில்பிள்ளையோ, "உங்கள் மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டாம் என்றுதான் கூப்பிடவில்லை, தம்பி" என்றார்.

அச்சொல் எங்களைச் சுட்டது. முதியவர் ஒருவர், தமக்கு வலிக்கிறது என்று சொல்லவும் கூசும் வகையில் நாங்கள் நடந்திருக்கிறோம். இது நடைப்பயணத்தில் மட்டும் நிகழ்வதா? நம் இல்லங்களிலும் வயது முதிர்ந்த தாய் தந்தையர் இவ்வாறே வாய் திறவாமல் பின்தங்கிவிடுவதில்லையா?

மறு ஆண்டு அழைத்தபோது அவர் வர மறுத்துவிட்டார். தாம் வந்தால் எல்லோருக்கும் தொல்லை என்றார். அவர் தொல்லையில்லாமல் வரக்கூடிய பயணம் எதுவோ, அதையே நம் பயணமாக அமைப்பது என்று அன்பியக் கூட்டத்தில் முடிவு செய்தோம். பின்வரும் திட்டம் அம்முடிவிலிருந்து பிறந்ததே.

எங்கே நடப்பது, எங்கே நடவாதிருப்பது

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மலை இரயிலை ஒட்டி நடப்பது என்றால் தண்டவாளத்தின்மேல் நடப்பது அன்று. 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின்படி அது குற்றம். குகைக்குள்ளோ பாலத்தின் மீதோ வண்டி எதிர்ப்பட்டால் ஒதுங்க இடமிராது. படம் எடுப்பதற்காகக்கூட இளைஞர்களைப் பாதையில் இறங்க விடலாகாது.

இரண்டாவதாக, மேட்டுப்பாளையத்திற்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட சரிவு அடர்ந்த காடு. யானைகள் நடமாடும் வழித்தடம். அப்பகுதியை இரயிலில் அமர்ந்தே கண்டு மகிழ வேண்டும். வனத்துறையின் இசைவின்றிக் காட்டுக்குள் நடப்பது எத்தகைய விளைவைத் தரும் என்பதை 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் பற்றிய காட்டுத் தீ நமக்குக் காட்டியது. மலையேறச் சென்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் அதில் உயிரிழந்தனர்.

குடும்பங்கள் நடப்பதற்கு உகந்தது குன்னூருக்கு மேலுள்ள பகுதியே. அங்கே வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அவற்றை இணைக்கும் ஊர்ச் சாலைகள் உண்டு. பேருந்துகளும் கார்களும் நெருக்கும் நெடுஞ்சாலையைக் கூடியவரை தவிர்த்து, இச்சிறு சாலைகளையே தேர்ந்துகொள்ள வேண்டும். நெடுஞ்சாலையில் நடந்தே ஆக வேண்டிய இடங்களில், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தவாறு வலப்புறம் ஒருவர்பின் ஒருவராகச் செல்க. வெலிங்டன் படையினர் வாழும் பகுதி. அரவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. அவ்விடங்களில் தடை செய்யப்பட்ட வழிகளில் நுழைவதோ படம் எடுப்பதோ கூடாது. பெரியவர்கள் அனைவரும் அடையாள அட்டை வைத்திருத்தல் நன்று.

தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமைகள் மேய்ந்துகொண்டிருக்கும். சாதுவாகத் தோன்றினும் அவற்றை நெருங்கலாகாது. மாலை மங்கியபின் கரடிகளும் வெளிவரும். எனவே காலை எட்டு மணிக்குமுன் புறப்படாமலும், மாலை நான்கு மணிக்குமேல் வழியில் இராமலும் நாளை வகுத்துக்கொள்க.

நான்கு நாள் திட்டம்

முதல் நாள் வியாழன். சென்னையிலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி விரைவு வண்டி காலையில் மேட்டுப்பாளையம் வந்து சேரும். அங்கிருந்து ஏழு மணியளவில் மலை இரயில் புறப்படுகிறது. இடங்கள் குறைவாதலால் நாள் குறித்தவுடனே பயணச்சீட்டைப் பதிவு செய்துவிட வேண்டும். குன்னூரில் இறங்கித் தங்குமிடம் சேர்ந்து ஓய்வு கொள்க. சமவெளியிலிருந்து வந்த உடல், மலைக் காற்றுக்குப் பழக ஒரு பிற்பகலேனும் வேண்டும்.

இரண்டாம் நாள் வெள்ளி. குன்னூரிலிருந்து கேத்தி வரை நடை. இரயில் பாதைக் கணக்கில் பத்துக் கிலோமீட்டர். குன்னூருக்கும் உதகைக்கும் ஏறத்தாழ 500 மீட்டர் உயர வேறுபாடு உண்டு. அதில் பெரும்பகுதியை இந்நாளிலேயே ஏறுகிறோம். சிறுவரும் முதியவரும் கலந்த குழு மணிக்கு இரண்டரைக் கிலோமீட்டருக்குமேல் ஏற இயலாது. இளைப்பாறுதலுக்கும் உணவுக்கும் நேரம் ஒதுக்கினால் ஆறு மணி நேரம் என்று கணக்கிடலாம். கேத்திப் பள்ளத்தாக்கில் படிப்படியாக அமைந்த காரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசுத் தோட்டங்களையும் படுகர் சிற்றூர்களையும் கண்டுகொண்டே செல்லலாம். மாலையில் இரயிலிலோ பேருந்திலோ குன்னூருக்கே திரும்பி, முந்திய நாள் தங்கிய இடத்திலேயே தங்குக. இதனால் மூட்டை சுமக்கும் வேலை இல்லை.

மூன்றாம் நாள் சனி. பெட்டிகளை ஒரு வாடகை வண்டியில் உதகைக்கு அனுப்பிவிட்டு, இரயிலில் கேத்தி சேர்ந்து, அங்கிருந்து லவ்டேல் வழியாக உதகை வரை எட்டுக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். லவ்டேலில் 1858-இல் தொடங்கப்பட்ட லாரன்ஸ் பள்ளி இருக்கிறது. தைல மரங்களின் மணம் கமழும் அச்சாலையில் செபமாலை சொல்லிக்கொண்டு நடந்தது குழந்தைகளுக்கும் சலிப்பூட்டவில்லை.

நான்காம் நாள் ஞாயிறு. உதகை திரு இருதயப் பேராலயத்தில் திருப்பலி. பின்னர் திருச்சிலுவையின் அருளிக்கம் வைத்துப் போற்றப்படும் காந்தல் குருசடித் திருத்தலத்தில் வழிபாடு. பிற்பகல் மலை இரயிலில் இறக்கம்.

இத்திட்டத்தின் உயிர்நாடி ஒன்று உண்டு. ஒவ்வொரு நடைக்கும் அருகே ஒரு நிலையம் இருக்கிறது. நடக்க இயலாதவர்கள் இரயிலில் சென்று அடுத்த நிலையத்தில் காத்திருக்கலாம். இயன்ற அளவு நடந்து, இடையில் ஏறிக்கொள்ளலாம். குன்னூருக்கும் உதகைக்கும் இடையே இரயில்கள் நாளுக்குச் சில முறையே ஓடுகின்றன. ஆகவே அவற்றின் நேரத்தை முன்னரே கேட்டறிந்து, அதற்கேற்ப நடையைத் தொடங்க வேண்டும். இரயில் தவறினால் பேருந்து உண்டு.

குழுவும் செலவும்

இருபத்தைந்து பேருக்கு மேற்பட்டால் குழுவைக் காப்பது கடினம். ஐவருக்கு ஒரு பொறுப்பாளர் வீதம் நியமித்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ண வேண்டும். தங்குமிடத்தின் பெயரும் பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கட்டும். பனியில் கைப்பேசி நனையலாம், தொடர்பும் அறுந்துபோகலாம். மிக மெதுவாக நடப்பவரை முன்வரிசையில் விடுக. அவர் வேகமே குழுவின் வேகம். மிக வலுவுள்ள இரு இளைஞர்கள் கடைசியில் வருக. அவர்களுக்குப் பின்னே ஒருவரும் இருத்தலாகாது. மலை இரயிலின் எஞ்சின் எங்களுக்குக் கற்பித்த பாடம் இதுவே.

பணத்தாலும் ஒருவர் பின்தங்கக்கூடும். 'வேலை இருக்கிறது' என்று சொல்லி ஒதுங்கும் குடும்பத்தின் உண்மைக் காரணம் பல நேரங்களில் கையில் பணமின்மையே. எனவே ஆறு மாதங்களுக்கு முன்பே திட்டத்தை அறிவித்து, மாதந்தோறும் இயன்றதைப் பெயரெழுதாத உறையிலிட்டுத் தரச் செய்தோம். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது யாருக்கும் தெரியாது. மொத்தத் தொகை எவ்வளவோ அதற்கேற்பத் தங்குமிடத்தையும் உணவையும் முடிவு செய்தோம். உணவு எளியதாயிற்று. ஆனால் ஒரு குடும்பமும் விடுபடவில்லை.

காலமும் உடலும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தை முற்றிலும் தவிர்த்துவிடுக. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகள் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன. மலை இரயிலும் நெடுநாள் நின்றுபோயிற்று. சனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாயிருக்கும். இரவுக் குளிர் மட்டும் கடுமை. பள்ளிப் பிள்ளைகளோடு செல்வோர், விடுமுறை விட்டவுடன், மே மாதக் கூட்டம் பெருகுமுன் சென்றுவருதல் நலம். 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இணையவழி அனுமதிச் சீட்டு முறை கொண்டுவரப்பட்டது. வேனில் செல்ல எண்ணுவோர் அப்போதைய விதியைக் கேட்டறிக. தூக்கியெறியும் நெகிழிப் பொருள்களுக்கு அம்மாவட்டத்தில் தடை உண்டு. வீட்டிலிருந்தே எவர்சில்வர் தண்ணீர்ப் புட்டியும் தட்டும் டம்ளரும் கொண்டுசெல்க.

இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே வர வேண்டும். நீரிழிவு நோயாளர் மருந்தோடு சிறிது சர்க்கரையோ மிட்டாயோ எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். தடித்த ஒரே கம்பளியைவிட, ஒன்றன்மேல் ஒன்றாய் அணியும் மெல்லிய உடைகள் நல்லன. ஏறும்போது கழற்றலாம், நிற்கும்போது அணியலாம். மழைக் கோட்டு வெயில் நாளிலும் பையில் இருக்கட்டும். எல்லாவற்றினும் முக்கியமானது காலணி. புதிதாக வாங்குவதாயின் ஒரு மாதம் முன்பே வாங்கி, நாள்தோறும் பூசைக்கு அதிலேயே நடந்து சென்று பழக்கிக்கொள்க. கோயில்பிள்ளையின் குதிகால் எங்களுக்குச் சொல்லிய அறிவுரை இது.

லவ்டேல் நிலையத்தில்

இரண்டாம் ஆண்டும் இருபத்து நான்கு பேரே சென்றோம். சனிக்கிழமையன்று ஐவர் கேத்தியில் இறங்காமல் லவ்டேல் வரை இரயிலில் சென்றனர். பத்தொன்பது பேர் நடந்தோம். கோயில்பிள்ளைக்கு நாங்கள் ஒரு பொறுப்பைக் கொடுத்திருந்தோம்: எல்லாரையும் எண்ணும் பொறுப்பு. மூடுபனியைக் கிழித்துக்கொண்டு நாங்கள் லவ்டேல் நிலையத்தை அடைந்தபோது, அவர் நடைமேடையின் முனையில் தேநீர்ப் பிளாஸ்க்கோடு நின்றிருந்தார். ஒவ்வொருவராக எண்ணினார். கடைசியில் வந்த இரு இளைஞர்களையும் எண்ணி முடித்தபின்னரே, "பத்தொன்பது, சரியாயிருக்கிறது" என்று சொல்லித் தேநீர் ஊற்றினார். முந்திய ஆண்டு தொலைந்துபோனவர், இவ்வாண்டு எங்களுள் ஒருவரும் தொலையாமல் காத்தார்.

தொடக்க நூலில் யாக்கோபைக் காண்கிறோம். சேர்ந்து விரைவோம் என்று அண்ணன் ஏசா அழைத்தபோது, தம் பிள்ளைகள் மெலிந்தவர்கள் என்றும், ஒரே நாள் விரட்டினாலும் மந்தை மாண்டுவிடும் என்றும் சொல்லி, பிள்ளைகளின் நடைக்கேற்ப மெல்ல வருவதாக அவர் விடை கூறினார். குடும்பத் தலைவர்கள் அனைவரும் நெஞ்சில் பதிக்க வேண்டிய விடை அது. எம்மாவு சாலையில் உயிர்த்த ஆண்டவரும், சோர்ந்து நடந்த இருவரை முந்திச் செல்லவில்லை. அவர்களோடு சேர்ந்தே நடந்தார்.

இவ்விடுமுறையில் நீலமலைக்குச் செல்ல வாய்க்கலாம், வாய்க்காமலும் போகலாம். ஆனால் நம் வீட்டில், நம் அன்பியத்தில், யார் பின்தங்கி நிற்கிறார் என்று திரும்பிப் பார்க்க மலையேற வேண்டுவதில்லை. அவரை முன்னே விடுவோம்; வலுவுள்ள நாம் பின்னே நிற்போம். பயணம் சற்றுத் தாமதமாகலாம். ஆனால் எல்லோரும் சேர்ந்தே ஊர் போய்ச் சேருவோம்.